அணைத்த பிறகும் பாடிய ப்ளேயர்

அந்த ப்ளேயரை அப்டேட் செய்யச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானாகத்தான் செய்தேன். 'புதிய வெர்ஷன் வந்திருக்கிறது' என்று திரையில் ஒரு வரி ஒரு வாரமாக வந்து நின்றுகொண்டிருந்தது. தள்ளிவிட்டால் மறுநாள் மறுபடி வரும். ஒரு விஷயத்தை ரெண்டு தடவை சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். இது ஏழு தடவை சொல்லிவிட்டது.

நான் திருத்தணியில் முப்பத்தெட்டு வருஷம் ரேடியோ செட் கடை வைத்திருந்தவன். கல்யாணம், காதுகுத்து, சாவு, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வரும் சாலை என்று எங்கே சத்தம் கேட்டார்களோ அங்கே குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். அது வெறும் சத்தம்தான். தெரிந்தேதான் செய்தேன். முழங்கால் போய்க் கம்பத்தில் ஏற முடியாமல் ஆனதும் சாமான் அத்தனையும் விற்றேன். பிறகு ஒரு ஆசைக்காக, நல்ல ஒலித்தரத்தில் பாட்டுக் கேட்கிற சின்ன ப்ளேயர் ஒன்று வாங்கினேன். பார்க்க செல்போன் மாதிரி இருக்கும். போன் வராது, படம் வராது, பாட்டு மட்டும்தான். அதில் நாயனம் கேட்டால் வாசிப்பவர் ஊதுகிற சீவாளியை உதட்டிலிருந்து எடுப்பதுகூடக் கேட்கும். முதல் நாள் கேட்டுவிட்டு, ஊர் காதுக்கு இத்தனை வருஷம் நான் செய்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

அப்டேட் பண்ணச் சொல்லிக்கொடுத்தவர் அரக்கோணத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய். ஒரு காலத்தில் என் ஆம்ப்ளிஃபையர்கள் கெட்டால் அவரிடம்தான் போகும். அந்தப் பழக்கம். போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்துக்கொண்டேன்.

"சார்ஜ் எவ்ளோ கீது?" என்றார்.

"நாப்பது."

"யோவ், பாதிக்கு மேல ஏறாம கை வெக்காத. நடுவுல செத்துச்சுனா பெட்டி செங்கல்லுதான். உன் வூட்டு செவுத்துல வெச்சுப் பூசிக்கோ."

சார்ஜ் ஏற்றினேன். கம்பெனியின் இணையதளத்திலிருந்து ஃபைலை இறக்கி மெமரி கார்டில் போட வேண்டும். எந்த ஃபோல்டருக்குள்ளும் போடக்கூடாது, வெளியிலேயே கிடக்க வேண்டும். கார்டைச் சொருகி, வால்யூம் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். திரையில் ஒரு கோடு மெதுவாக வளர்ந்தது. நூறு வந்ததும் எல்லாம் கறுத்துவிட்டது. ரொம்ப நேரம் அப்படியே கறுப்பாகக் கிடந்தது. அந்தக் கறுப்பில் என் முகம் மட்டும் தெரிந்தது.

"பாய், செத்துப்போச்சுயா."

"சாவல. தொடாத. வரும்."

வந்தது. கடையிலிருந்து எடுத்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி வந்தது. நான் போட்டு வைத்திருந்த பட்டியல்கள் இல்லை. ப்ளூடூத் இயர்போனை அதற்குத் தெரியவில்லை. புதிதாகத் தேடி, புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் தடவை சேரவில்லை. ரெண்டாவது தடவையும் சேரவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ப்ளூடூத்தே வேண்டாம் என்று ஒயர் இயர்போனை எடுத்துச் சொருகினேன்.

இங்கேதான் தப்பு நடந்தது. வீட்டில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரை மட்டும் விற்காமல் வைத்திருந்தேன். அப்டேட்டுக்கு முந்தின நாள் ப்ளேயரை அதோடு ஒயரில் இணைத்திருந்தேன். அப்படி இணைக்கும்போது ப்ளேயரின் வால்யூமை முழுசாக ஏற்றி வைக்க வேண்டும். இயர்போனில் கேட்கும்போது இதற்கு மேல் போகாதே என்று தனியாக ஒரு லிமிட் போட்டு வைத்திருந்தேன். அப்டேட் ஆனதும் அந்தப் பெட்டி லிமிட்டை மறந்துவிட்டது. வால்யூமை மறக்கவில்லை.

ரேடியோ செட்காரன் புத்தி, முதலில் லெஃப்ட் ரைட் பார்க்கத்தான் தோன்றும். அதற்கென்று ஒரு ஃபைல் வைத்திருந்தேன். முதலில் இடது காதில் மட்டும் ஒரு விசில், பிறகு வலது காதில். போட்டேன். இடது காதுக்குள் யாரோ கம்பியைச் செருகின மாதிரி இருந்தது. வலது காதுக்கு வருவதற்குள் பிடுங்கி எறிந்தேன். எறிந்ததில் இயர்போன் ஒயர் அறுந்தது.

இதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் திருகுகிற யூனிட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டர் எல்லாம் எடுக்க மாட்டோம். ஆம்ப்பை ஏற்றிவிட்டுக் குழாயின் வாய்க்குள் காதை வைப்போம். கிழிந்திருந்தால் கரகரப்பு தெரியும். நான் வைப்பது எப்போதும் இடது காது. ஒரு நாளைக்கு இருபது குழாய் பார்த்திருக்கிறேன். அந்தக் காதுக்கு ஒரு சுண்டுவிரல் நுனி இயர்போன் என்ன செய்துவிடும்? ரெண்டு நாள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. பிறகு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். ஒரு பெண் பாடினாள்.

ரொம்பத் தூரத்தில், இடது பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம் பாடுவதுபோல் இருந்தது. ஒரே ஒரு வரி. வார்த்தை புரியவில்லை, ராகம் மட்டும் தெரிந்தது. வரி முடிகிற இடத்தில் குரல் தொய்ந்து கீழே விழுந்தது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி அதே வரி. எழுந்து ப்ளேயரைப் பார்த்தேன். அணைந்திருந்தது. அழுத்தி எரியவிட்டு ஆம்ப்ளிஃபையர் வழியாக ஒரு நாயனத்தைப் போட்டேன். அவள் இல்லை. நாயனத்தை நிறுத்தினேன். பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் அவள் வந்துவிட்டாள்.

நாலைந்து தடவை இப்படியே செய்து பார்த்தேன். பாட்டுப் போட்டால் போகிறாள், நிறுத்தினால் வருகிறாள். எனக்கு இது போதுமாக இருந்தது. இந்தச் சனியன் பிடித்த அப்டேட்தான் காரணம். பெட்டி அணைகிற மாதிரி நடித்துவிட்டு உள்ளே எதையோ ஓடவிடுகிறது.

அப்படித்தான் நம்ப வேண்டும் என்று எனக்குக் கட்டாயம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நைனா ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டினவர். கடைசி மூன்று வருஷம் அவருக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்டது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்பார், தெருவில் மேளம் போகிறது என்பார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் கையில் கிடைத்ததை வீசுவார். பேய் என்று ஊர் சொன்னது. பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் பேய் ஓட்டுகிற ஒருவரிடம் கூட்டிப் போனோம். அந்த ஆள் வேப்பிலைக் கொத்தாலும் பிறகு பிரம்பாலும் அடித்தான். நைனாவின் ரெண்டு கையையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது எனக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது என்றால், நானும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். பாடுவது பெட்டியாக இருந்தால் பிழைத்தேன். இல்லையென்றால் என் கையை யார் பிடிப்பார்கள் என்று தெரியாது.

அதனால் பெட்டியை விடாமல் குடைந்தேன். ப்ளூடூத்தைத் திறந்து பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். என் இயர்போன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே பெயரே இல்லாமல் வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருந்தது. அது என்ன பொருள், யாருடையது என்று தெரியாது. ப்ளேயரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன். பட்டியலில் அந்த எண் ஒரு இடத்தில் மங்கும், ஒரு இடத்தில் பளிச்சென்று நிற்கும். எதிர்வீட்டு வாசலில் பளிச்சென்று நின்றது.

அந்த வீட்டம்மா வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வூட்ல இன்னா மிஷின் வெச்சுக்கினு கீறீங்க?" என்றேன்.

"இன்னா மிஷினு?"

"என் பொட்டிக்குள்ள வந்து பாடுது. பொம்பள கொரலு."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருஷம் உங்க கொழாய எங்க வாசப்படிக்கு நேரா கட்டுனீங்க. என் புள்ள பொறந்தன்னிக்குக்கூட நிறுத்தல. இப்ப எங்க டிவி உங்களுக்குத் தொந்தரவா? நல்லா கீது நியாயம்."

டிவியை அணைக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே போய் அணைத்தார். என் திரையில் அந்த எண் மறைந்துவிட்டது. சரி, பிடித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அவள் இருந்தாள். இப்போது சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம்தான் என் மனைவியிடம் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு அவ்வளவு பயம். பயத்தை மறைக்க அதட்டித்தான் கேட்டேன்.

"இன்னாமே, இந்தப் பொட்டி ஆஃப்ல கீதுதான? ஆனா உள்ளேந்து ஒரு பொம்பள பாடுறா. உனக்குக் கேக்குதா?"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள்.

"ஆங். கேக்குது."

"நெசமா?"

"ஆங், மெதுவா கேக்குதுங்க. பொம்பளதான்."

எனக்கு அவள் காலில் விழலாம்போல் இருந்தது. விழவில்லை. "நான் சொல்லல? அப்டேட்டு!" என்று கத்தினேன். அவள் மறுபடி வெங்காயம் அரிய ஆரம்பித்தாள். அதன் பிறகு ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் கேட்கிறது என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேனோ அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அது என் மண்டையில் உறைக்கவில்லை.

அந்த வாரம் கரண்ட் ஆபீஸில் மாதாந்திர ஷட் டவுன் போட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து ரெண்டு மணி வரை டவுன் முழுக்கக் கரண்ட் இல்லை. வெயில் கொளுத்தியது. பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நாய்கூட இல்லை. ஃபேன் இல்லை, எதிர்வீட்டு டிவி இல்லை, மாவு மில் இல்லை, மலை மேலிருந்து வரும் பாட்டு இல்லை. என் மனைவி கனகம்மாசத்திரத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த ஊரை இவ்வளவு அமைதியாக நான் கேட்டதே இல்லை.

அந்த அமைதியில் அந்தப் பாட்டுக்காரி என் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடினாள்.

ப்ளேயரை முழுசாக அணைத்தேன். கார்டை வெளியே உருவினேன். பெட்டியைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடியை அழுத்தினேன். குரல் ஒரு துளி குறையவில்லை. இப்போது வார்த்தையும் தெரிந்தது.

"வாசலப் பெருக்கி வெச்சேன்... வந்து நிக்க மறந்தியா..."

'மறந்தியா' என்கிற இடத்தில் குரல் இழுபட்டு, ஆம்பிளைக் குரல் மாதிரி கனத்துக் கீழே போனது. அது எனக்குத் தெரிந்த இடம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் ரேடியோ செட்காரனைக் கூப்பிடுவார்கள். ஒரு குழாயை ரோட்டைப் பார்த்து, ஒரு குழாயைக் கழனியைப் பார்த்துக் கட்ட வேண்டும். கழனியில் வேலையாக இருப்பவன் சத்தம் வருகிற திசையை வைத்தே எந்தத் தெருவில் சாவு என்று தெரிந்துகொள்வான். அதற்கென்று ஒப்பாரி கேசட்டுகள் இருந்தன. என்னிடம் இருந்ததில் ஒன்று பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் வாங்கினது, அட்டையில் படம் கிடையாது, பெயர் கிடையாது. ஸ்டூடியோவில் பாடினது இல்லை. ஏதோ ஒரு நிஜமான சாவு வீட்டில் யாரோ டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்தது. பின்னால் பாத்திரம் உருள்கிற சத்தம், ஆள் இருமுகிற சத்தம் எல்லாம் இருக்கும். அந்தப் பெண் யார், யாருக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. நூறு வீட்டில் அவளை அழவிட்டிருப்பேன். வெயிலில் கிடந்து நாடா நீண்டு, ஒரு இடத்தில் அவள் குரல் தொய்ந்துபோகும். ஜனங்கள் அந்த இடத்தில்தான் அதிகமாக அழுவார்கள். அதனாலேயே அந்தக் கேசட்டை மாற்றாமல் வைத்திருந்தேன். ஒருநாள் நாடா அறுந்தது. தூக்கிக் குப்பையில் போட்டேன். அது நடந்து இருபது வருஷம் இருக்கும்.

ப்ளேயரில் அந்தப் பாட்டு இல்லை. எந்தக் கார்டிலும் இல்லை. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே இல்லை. அப்படியிருந்தும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்டேட் ஃபைலோடு சேர்ந்து எப்படியோ இறங்கிவிட்டது என்று நினைத்தேன். நெட்டில் இல்லாதது என்ன இருக்கிறது, எவனோ ஏற்றியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்று விடாமல் கவனித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அவள் மூச்சே எடுக்கவில்லை. அந்தக் கேசட்டில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் விசும்பி மூச்சு எடுப்பாள். இவள் எடுக்கவில்லை.

மறுநாள் டிரம்மிலிருந்து ப்ளேயரை எடுத்துக்கொண்டு அரக்கோணம் போனேன்.

பாய் கடையில் அதை லேப்டாப்போடு ஒயரில் இணைத்தார். பழைய வெர்ஷனை மறுபடி ஏற்றினார். ஏற்றுவதற்கு முன்னாலும் ஏற்றிய பின்னாலும் தன்னுடைய பெரிய ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். அணைத்துவிட்டும் கேட்டார். சுற்றிலும் ட்ரில்லர் சத்தம், ஆட்டோ சத்தம். எனக்கும் அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

"சுத்தமா கீதுயா," என்றார். "ஆஃப் பண்ணா ஆஃபுதான். உள்ள கரண்டே போகல, எப்படிப் பாடும்?"

"என் பொண்டாட்டிக்கும் கேக்குது பாய்."

"உன் பொண்டாட்டிக்கா?" பாய் ஹெட்போனைக் கழற்றினார். "இந்தக் கடைல நீ பகல்ல ராத்திரினு சொன்னா நானே டார்ச் எடுப்பேன். உன் வாய்க்குப் பயந்து. அந்தம்மா பாவம் இன்னா சொல்லும்?"

"இன்னாயா சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் பொட்டி இங்கயே இருக்கட்டும். நான் வூட்டுக்கு எடுத்துக்கினு போய்ப் பாக்கறேன். பாடுனா போன் பண்றேன். நல்லா பாடுனா நானே வெச்சுக்கறேன்."

விட்டுவிட்டு வந்தேன். ஸ்டேஷனில் கூட்டம், அறிவிப்பு, ரயில் சத்தம். அவள் இல்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அவள் இல்லை. பெட்டியை விட்டதும் தொலைந்தாள் என்று சந்தோஷமாக ஒரு டீயும் மசால்வடையும் சாப்பிட்டேன். அந்த ரயிலில் வந்த அரை மணி நேரத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து தோள்பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மணி நாலு இருக்கும். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வாசலப் பெருக்கி வெச்சேன்..."

பெட்டி பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. என் குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்துவிட்டது.

"ஏய்! கேக்குதா? இப்பக் கேக்குதா?"

அவள் மடித்த புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"ஆங், கேக்குதுங்க. அந்தப் பொட்டிதான். பைக்குள்ள பாடிக்கினு கீது."

நான் எழுந்து பையை எடுத்து அவள் முன்னால் கவிழ்த்தேன். ஒரு துண்டும் ஒரு ரயில் டிக்கெட்டும் விழுந்தன.

ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் மட்டும் பாடிக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கேக்கல," என்றேன்.

"இல்லைங்க."

"என்னிக்குமே கேக்கல."

"என்னிக்குமே கேக்கல."

அடிக்கத்தான் கை எழுந்தது. இதில் பொய் சொல்ல மாட்டேன். எழுந்த கையைப் பார்த்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவள் திருப்பின விதத்தில் ஒரு பழக்கம் இருந்தது. நான் கையைக் கீழே போட்டேன்.

"ஏன்மே சொன்ன?"

கண்ணைத் திறக்காமலே பேசினாள். "நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல மாமா இப்படித்தான் கேப்பாரு. மேளம் கேக்குதானு. நான் இல்ல மாமான்னேன். சொம்பத் தூக்கி அடிச்சாரு. அத்த என்ன சமையக்கட்டுக்கு இஸ்துக்கினு போயி, இந்த வூட்ல கேக்குதானு கேட்டா ஆங்னு சொல்லு, அதுக்கு மேல பேசாத, நானும் அப்படித்தான் சொல்லிக்கினு கீறேன்னாங்க. நீங்க கேட்டீங்க. நான் ஆங்னேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நைனாவுக்கு மூன்று வருஷம் அம்மா 'ஆங்' சொல்லியிருக்கிறாள். அவர் மேளம் என்று சொன்னதற்கு, ஆமாம் மேளம் என்று சொல்லியிருக்கிறாள். வெளியே நாங்கள் பேய் என்றோம், உள்ளே அவள் நிஜம் என்றாள். அவர் யாரை நம்புவார்? பயத்தில் சொன்னதுதான். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

என் மனைவிதான் திருவள்ளூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். பேய் ஓட்டுகிறவனைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள், "அங்க நான் வர மாட்டேன். கைய வேற எவனாவது புடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள்.

டாக்டரின் கிளினிக்கில் காது பரிசோதிக்க ஒரு சின்ன அறை இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எதுவும் வராது. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, விசில் கேட்கும்போதெல்லாம் அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டு அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தி கதவைச் சாத்தினாள். அந்தப் பஞ்சு அறைக்குள் என் பாட்டுக்காரி பாடினதைப்போல் எங்கேயும் பாடவில்லை. பாத்திரம் உருண்டது. ஆள் இருமினான். நூறு சாவு வீடும் அந்த ஆளுயரப் பெட்டிக்குள் வந்து நின்றது. விசில் எது, அவள் எது என்று தெரியாமல் அழுத்தினேன். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கதவைத் திறந்து, "அய்யா, நான் இன்னும் ஒண்ணும் போடவே இல்லைங்களே," என்றாள்.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். இடது காது ஏற்கனவே பாதிக்கு மேல் செத்திருந்தது, அந்த விசில் மிச்சத்தைக் கொன்றுவிட்டது. காதிலிருந்து சத்தம் வராமல் போனால் சிலருக்கு மூளை சும்மா இருக்காது, தன்னிடம் இருப்பதை எடுத்துப் போட்டு நிரப்பும். வெளியே சத்தம் இருந்தால் அடங்கும், அமைதியில் கிளம்பும்.

"பைத்தியமா டாக்டர்?"

"இல்ல. காது."

"எங்க நைனாவுக்கும் இப்படித்தான் கேட்டுது. ரைஸ் மில்லுல இருந்தாரு. அவருக்கும் காதுதானா?"

"பார்க்காத ஆளைப் பத்தி நான் சொல்ல முடியாதுங்க."

அந்த டாக்டர் மேல் எனக்கு அன்றைக்கு ஆத்திரம் வந்தது. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லித் தொலைத்திருக்கலாம். இப்போது யோசித்தால், எனக்கு 'ஆங்' சொல்லாத ஆட்கள் அவரும் பாயும்தான்.

ப்ளேயரை பாய் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்டேட்டை மறுபடி ஏற்றி, லிமிட் போட்டு, ப்ளூடூத்தையும் சேர்த்துக் கொடுத்தார். இடது பக்கத்து ஒலியையும் வலது காதுக்கே அனுப்புகிற மாதிரி ஒரு வசதி உள்ளே இருக்கிறது, அதையும் போட்டார். வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். நாயனம் பாதி ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. அது ஓடுகிற வரைக்கும் அந்தப் பாட்டுக்காரி வருவதில்லை.

வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் கேட்டால் என் மனைவி உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் "கேக்குதா" என்று கேட்டால் அவளுக்கு 'இல்ல' வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசையும். கண் என் கையைப் பார்க்கும். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்கப் பழகினேன். இருபது முப்பது தடவைக்குப் பிறகு சத்தமாகவே வந்தது. "இல்ல." "இல்லவே இல்ல." இப்போதெல்லாம் கொஞ்சம் அதட்டியே சொல்கிறாள். சொல்லட்டும்.

போன வாரம் ஒரு மத்தியானம் ப்ளேயர் சார்ஜில் இருந்தது. நான் சும்மா உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்றும் இல்லாமல் இருந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதைக் கலைத்துவிடக் கூடாதென்று அசையாமல் இருந்தேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே, "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க," என்றாள்.

அவள் சொல்லி முடித்ததும் இடது பக்கம் அந்தப் பாட்டு ஆரம்பித்தது.